கவிதையில் வீடு வந்தால் எப்படிப் படிப்பது?

'இக்கவிதையில் வீடு எவ்வாறு காட்டப்படுகிறது?' என்று கேள்வி வந்ததும் பலர் 'வீடு பாசத்தின் சின்னம்' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். எந்தக் கவிதைக்கும் பொருந்துகிற வரி அது, அதனாலேயே அது விடை ஆகாது.

முதலில் கண்ணுக்குத் தெரிகிற பொருளைப் பிடியுங்கள்: தூணா, வாசலா, மலையா? அப்புறம் அங்கே யார் இருக்கிறார், யார் இல்லை, அந்த இடத்துக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். வினைச்சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள், பாதி விடை அங்கேதான் இருக்கும்.

புறநானூறு 112, பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. தந்தையைக் கொன்று மூவேந்தர் மலையைக் கைப்பற்றிய பிறகு பாடியது. இதில் வீடு என்ற சொல்லே கிடையாது, குன்றுதான் வீடு. 'அற்றைத் திங்கள்' (அந்த மாதம்), 'இற்றைத் திங்கள்' (இந்த மாதம்) என்று அதே வெண்ணிலவு இரண்டு முறை வருகிறது. மேலே எதுவும் மாறாததால்தான் கீழே எல்லாம் மாறிப்போனது நமக்கு அப்படி உறைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று: முதல் பாதியில் தந்தை முன்னால், குன்று பின்னால். இரண்டாம் பாதியில் குன்று போனதை முதலில் சொல்லிவிட்டு, 'எந்தையும் இலமே' (எங்கள் தந்தையும் இல்லை) என்று முடிக்கிறார்கள். எந்த இழப்பு பெரிது என்று தனியாகச் சொல்லவே இல்லை, சொல் வரிசையே சொல்லிவிடுகிறது.

சரி, காலியான இடம் என்றாலே சோகமா? இல்லை. அதே புறநானூற்றின் 86ஆம் பாடலில் காவற்பெண்டு என்னும் புலவர் காட்டும் தாயைப் பாருங்கள். சிறிய வீட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு 'உன் மகன் எங்கே?' என்று கேட்பவரிடம், எங்கே என்று தெரியாது, புலி தங்கிப் போன கற்குகை போல அவனைப் பெற்ற வயிறு இதுதான், அவன் போர்க்களத்தில் தென்படுவான் என்கிறாள். வீடு, குகை, வயிறு மூன்றையும் விட்டு அவன் கிளம்பிவிட்டான். இருந்தும் குரலில் பெருமிதம்தான் கேட்கிறது. அதனால் படிமத்தோடு, அதாவது சொல் காட்டும் காட்சியோடு, குரலையும் சேர்த்தே படியுங்கள்.

விடை எழுதும்போது முழு அடியையும் மேற்கோள் காட்டி இடத்தை நிரப்ப வேண்டாம். ஒன்றிரண்டு சொற்களை எடுத்து, அது இல்லாவிட்டால் என்ன குறையும் என்று எழுதுங்கள். 'எம் குன்றும்' என்பதில் 'எம்' என்பதை நீக்கிப் பாருங்கள், வெறும் மலைதான் மிஞ்சும்.