கல்லூரியில் சாதி சொல்லி மட்டம் தட்டினால் புகார் எழுதுவது எப்படி?

வியாசர்பாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு மனுவும் எழுதித் தருவேன். போன வருடம் ஒரு பெண் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தாள். எடுத்த பிறகும் போகவில்லை. அதை நாலாய், எட்டாய் மடித்துக்கொண்டே நின்றாள். "அக்கா, கிளாஸ்ல டீச்சர் எல்லார் முன்னாடியும் 'எஸ்.சி ஸ்காலர்ஷிப்லாம் எழுந்திரு'ன்னாங்க. 'உங்க ஏரியாவுக்குப் படிப்பு ஏறாது'ன்னு வேற சொன்னாங்க" என்றாள்.

அன்றைக்கு அவளோடு உட்கார்ந்து எழுதியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

மனுவுக்கு முன்னால் நடந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள், அன்று ராத்திரிக்குள்ளேயே. தேதி, எத்தனையாவது பீரியட், எந்த அறை, பக்கத்தில் யார் யார். சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே எழுதுங்கள், எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும். அந்தப் பெண் முதலில் "என்னைத் தரக்குறைவாகப் பேசினார்" என்றுதான் எழுதியிருந்தாள். அப்படி எழுதினால் "நான் பேசவே இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அடித்துவிட்டு அந்த இரண்டு வாக்கியத்தையும் அப்படியே போட்டோம். எழுதும்போது அவளுக்குக் கை நடுங்கியது. சாட்சியாகத் தோழிகள் பெயரைப் போடுவதற்கு முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. உயர்கல்வியில் சமத்துவத்துக்காக யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2012-இல் விதிமுறை கொண்டுவந்தது. எஸ்.சி, எஸ்.டி மாணவரின் சாதியை வகுப்பில் அறிவிப்பது, சாதியையோ வட்டாரத்தையோ காட்டி 'அதனால்தான் படிக்கவில்லை' என்பது, ஆய்வகத்தில் சும்மா நிற்க வைப்பது, விடுதியில் பிரித்து வைப்பது எல்லாமே அதில் பாகுபாடு. ஒவ்வொரு கல்லூரியிலும் சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும். புகாரை 60 நாளில் முடிக்க வேண்டும். ஹைதராபாத் ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலாவும் மும்பை மருத்துவ மாணவி பாயல் தட்வியும் தற்கொலை செய்துகொண்டார்கள்; சாதிப் பாகுபாடுதான் காரணம் என்று புகார் எழுந்தது. அவர்களைப் பறிகொடுத்த தாய்மார்கள், இந்த விதியை ஒழுங்காக நடைமுறைப்படுத்தச் சொல்லித்தான் 2019-இல் உச்ச நீதிமன்றம் போனார்கள். நுழைவாயிலில் 'அனைவரும் சமம்' என்று போர்டு வைத்தால் போதாது. மனுவை வாங்கிப் பதில் எழுத ஓர் ஆள் வேண்டும்.

சரி, பெறுநர் இடத்தில் அந்த அலுவலரையும் முதல்வரையும் சேர்த்தே போடுங்கள். "தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று முடிக்காதீர்கள். என்ன வேண்டும் என்று கேளுங்கள். நாங்கள் மூன்று கேட்டோம்: ஸ்காலர்ஷிப் பட்டியலை வகுப்பில் படிக்கக்கூடாது, அந்த ஆசிரியர் மன்னிப்புக் கேட்க வேண்டும், விசாரணை முடியும்வரை இவளுடைய இன்டர்னல் மார்க்கை வேறொருவர் போட வேண்டும். பிள்ளைகள் பயப்படுவது அந்த மார்க்குக்குத்தான். அதனால் அதுவரை வாங்கிய இன்டர்னல் மார்க்கையும் நகல் எடுத்து மனுவோடு இணைத்தோம்.

துறைத் தலைவர் கையில் மட்டும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட், ரசீது பத்திரம். "பெற்றோரைக் கூட்டிட்டு வா, பேசி முடிச்சுக்கலாம்" என்பார்கள். அவள் அம்மா மூலக்கொத்தளத்தில் இட்லிக் கடையை மூடிவிட்டுப் போனார். "நீங்க சொல்றதை எழுதிக் கொடுங்க சார்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அறையில் இருந்தவர்களிடம் அதற்குப் பதில் இல்லை.

பொதுவில் எஸ்.சி, எஸ்.டி மாணவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். கல்லூரிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, நேராக போலீசுக்குப் போகலாம். உதவி எண் 14566. நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் தேசிய ஆதிதிராவிடர் ஆணைய அலுவலகமும் இருக்கிறது.

சீல் வாங்கிய தேதியை என் கடை காலண்டரில் வட்டம் போட்டு வைத்தோம். 52-ஆம் நாள் கடிதம் வந்தது. ஸ்காலர்ஷிப் விவரம் இனி அவரவர் போனுக்கு மட்டும் வரும், இன்டர்னலை வேறு ஆசிரியர் போடுவார் என்று இருந்தது. மன்னிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்கு மேல்முறையீடு எழுத மறுநாளே நோட்டோடு வந்துவிட்டாள்.