ஜெர்மன் எழுத்துகளும் உச்சரிப்பும்: முதல் நாள் பாடம்

ஜெர்மன் தொடங்கும் பலரும் இந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆங்கில எழுத்துதானே, தெரிந்ததுதானே என்ற எண்ணம். 26 எழுத்துகளும் அதேதான். கூடுதலாக நான்கு: தலையில் இரட்டைப் புள்ளி ஏறிய ஏ, ஓ, யூ, பிறகு 'எஸ்ட்செட்'. ஆனால் ஒலிகள் வேறு. அவற்றைப் பிடித்துவிட்டால், பொருள் தெரியாத சொல்லைக்கூடப் பெரும்பாலும் எழுத்துக்கூட்டி வாசித்துவிடலாம், தமிழைப் போல.

படி 1: உயிர்கள்

ஆங்கிலத்தின் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகியவற்றுக்கு ஜெர்மனில் ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்று பெயர். பார்க்க எளிது, ஆனால் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஜெர்மானியர் 'ஈ' என்றால் நாம் எழுத வேண்டியது ஆங்கில 'ஐ'. பழக்கதோஷத்தில் கை வேறு எழுத்தை எழுதிவிடும். தொடக்கநிலை ஜெர்மன் தேர்வான ஏ1-இன் பேச்சுப் பகுதியில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வார்கள். ரவி என்ற பெயர் 'எர், ஆ, ஃபௌ, ஈ' என்று வரும். உங்கள் பெயரை இன்றே இப்படிச் சொல்லிப் பழகுங்கள், தினமும் பத்து முறை.

படி 2: ஒலி மாறும் மெய்கள்

இவற்றுக்கு விதியைவிடத் தெரிந்த பெயர்களே நல்ல வாத்தியார். ஃபோக்ஸ்வாகன் காரை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நிற்கும் 'வி' ஃப ஆகிறது, நடுவில் உள்ள 'டபிள்யூ' வ ஆகிறது. மோட்சார்ட் பெயரில் 'இசட்' என்பது ட்ஸ. 'ஜே' என்பது ய. ஜூலை மாதம் அங்கே 'யூலி'. சொல்லின் தொடக்கத்தில் 'எஸ்', 'டி' சேர்ந்து வந்தால் ஷ்ட: ஷ்டுட்கார்ட்.

படி 3: இரட்டைகள்

ஆங்கில 'ஈ', 'ஐ' எழுத்துகளை அடுத்தடுத்து எழுதினால் ஐ என்று ஒலிக்கும். ஐன்ஷ்டைன் பெயரில் இது இரண்டு முறை வருகிறது. வரிசையைத் திருப்பிப் போட்டால் நெடில் ஈ. வியன்னாவை அந்த ஊர்க்காரர்கள் 'வீன்' என்பது இப்படித்தான்.

படி 4: புள்ளி வைத்தவை

கண்ணாடி முன் நில்லுங்கள். ஈ என்று இழுத்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் விசிலடிப்பது போலக் குவியுங்கள். புள்ளி வைத்த யூவின் ஒலி வந்துவிடும். ஏ என்று இழுத்துக் குவித்தால் புள்ளி வைத்த ஓ. வித்தியாசம் முக்கியம்: 'ஷோன்' என்றால் ஏற்கெனவே, அதே ஓவில் புள்ளி ஏறினால் அழகான என்று பொருள். புள்ளி வைத்த ஏ, கிட்டத்தட்ட நம் எகரம்.

எஸ்ட்செட் வெறும் அழுத்தமான ஸ் ஒலிதான். சுவிட்சர்லாந்தில் அதைப் பயன்படுத்துவதே இல்லை, இரண்டு எஸ் எழுதுகிறார்கள்.

படி 5: 'சி', 'எச்' சேர்ந்தால்

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆ, ஓ, ஊ ஒலிகளுக்குப் பின்னால் வந்தால் தொண்டையில் உரசும். 'பகல்' என்னும்போது நடுவில் மென்மையாக வரும் ககரத்தை இன்னும் அழுத்தி, குரலில்லாமல் வெறும் காற்றாக விடுங்கள். இ, எ ஒலிகளுக்குப் பின்னால் வந்தால் இடம் மாறும்: நாக்கை 'ய' சொல்லும் நிலையில் வைத்துக் காற்றை மட்டும் ஊதுங்கள். ஜெர்மனில் 'நான்' என்ற சொல்லே இந்த ஒலியில்தான் முடிகிறது. அதனால் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் இதை முதல் வாரத்திலேயே பழகிவிடுங்கள்.