சக்கை (பலாப்பழம்) வெட்டும்போது பால் ஒட்டாமல் இருக்க

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீட்டு மரத்தில் சக்கை விளைந்து தொங்கியது. எங்கும் போக வேண்டாத ஒரு நாளில் அப்பா ஒன்றைப் பறித்து இறக்க, வீடே திண்ணையில் கூடிவிட்டது. அவசரமே இல்லாமல் பேசிக்கொண்டு சுளை எடுத்த அந்தக் காலைப்பொழுதை நான் மறக்கவே மாட்டேன்.

அன்று அம்மா சொன்னதைத்தான் இன்றும் செய்கிறேன். வெட்டுமுன் கத்தியிலும் இரண்டு கையிலும் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவுங்கள். பிளந்ததும் வடியும் பாலைப் பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு நடுத்தண்டை அரிந்து நீக்கினால் சுளை சுலபமாகப் பிரியும். பால் பட்ட கையில் உடனே தண்ணீர் ஊற்றினால் பிசுக்கு போகாது. முதலில் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, அப்புறம் சோப்பு.

சக்கைக்குருவை, அதாவது பலாக்கொட்டையை, தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது அவ்வளவு ருசி! கழுவி, ஈரம் போக நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, மண்பானையில் காய்ந்த மணலுக்குள் புதைத்து வையுங்கள். மணலில் ஈரம் இருந்தால் முளைத்துவிடும். சமைக்கும்போது மேலே உள்ள வெள்ளைத் தோலை உரித்தால் போதும், உள்ளே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல் இருக்கட்டும். நன்றாக வேகவைத்து, மாங்காயும் தேங்காய் அரைப்பும் சேர்த்துக் குழம்பு வையுங்கள். அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சோற்றுக்கு அதுதான்.