இரண்டு அறுகோணத்தில் ஒரு குரோஷா கார்டிகன்

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷாவில் டபுள் குரோஷா என்ற அடிப்படை ஸ்டிட்ச் போட வரும், ஆனால் உடுத்துகிற எதையும் பின்ன இன்னும் துணிச்சல் வரவில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கார்டிகனைத்தான். அக்குள் வளைவு, கழுத்து வளைவு என்று தனியாகக் கணக்குப் போட வேண்டியதே இல்லை. ஒரே மாதிரி இரண்டு அறுகோணம் பின்னுகிறோம். ஒன்றை மடித்தால் ஒரு கை, அரை முதுகு, ஒரு பக்க முன்பாகம் மூன்றும் கிடைத்துவிடும். இரண்டையும் முதுகில் இணைத்தால், எந்த உடுப்பின் மேலும் தொளதொளவென்று போட்டுக்கொள்ள ஒரு கார்டிகன்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில சுற்று போனதும் உங்கள் அறுகோணம் மேசையில் தட்டையாக உட்காராது. ஓரம் அலை அலையாக எழும்பும். பலரும் இந்த இடத்தில்தான் தப்பாகிவிட்டது என்று பயந்து பிரித்துவிடுகிறார்கள். பிரிக்காதீர்கள். அப்படித்தான் வர வேண்டும்.

காரணம் இதுதான். டபுள் குரோஷாவில் தட்டையான வட்டம் வேண்டுமென்றால் சுற்றுக்கு 12 ஸ்டிட்ச் கூட்டுவோம். இங்கே ஆறு மூலையிலும் நான்கு நான்காக 24 கூடுகிறது. மூலை ஒவ்வொன்றும் குரோஷா சதுரத்துக்குப் போடுகிற அதே மூலைதான். சதுரத்தில் அது நான்கு முறை வந்து 360 டிகிரியை நிரப்பும். இங்கே ஆறு முறை வருவதால் 540 டிகிரி ஆகிவிடுகிறது. மிஞ்சிய துணி மேலே எழும்பாமல் என்ன செய்யும்? அதையே இரண்டு அடுக்காக மடித்தால் அடுக்குக்கு 270 டிகிரி, அதாவது மூன்று செங்கோணம். கச்சிதமாக ‘ட’ வடிவத்தில் படிந்துவிடும். ‘ட’வின் ஒரு கோடு கை, இன்னொன்று உடம்பு.

அளவு

மார்புச் சுற்றளவை எடுத்து, தளர்வுக்காக 10 முதல் 15 செ.மீ. கூட்டி, இரண்டால் வகுங்கள். அதுதான் அறுகோணத்தின் ஒரு பக்க நீளம். மார்பு 90 செ.மீ. என்றால் 14 கூட்டி 104, பாதி 52 செ.மீ. தோளிலிருந்து கீழ்விளிம்பு வரை உள்ள உயரமும், நடுமுதுகிலிருந்து கை நுனி வரை உள்ள நீளமும் இதே 52தான். அதனால் கை முழங்கையை ஒட்டி நின்றுவிடும். நீளம் வேண்டுமென்றால் கடைசியில் கூட்டிக்கொள்ளலாம்.

நூலும் ஊசியும்

4ஆம் எண் தடிமன் நூல் (லேபிளில் 4 என்று இருக்கும் நடுத்தரத் தடிமன்), 5 மி.மீ. குரோஷா ஊசி. கம்பளியோ அக்ரிலிக்கோ லேசாக இருக்கும். இதே தடிமனில் பருத்தி எடுத்தால் கனம் கூடி, போடப் போட உடுப்பு கீழே இழுபடும். முதல் கார்டிகனுக்கு அக்ரிலிக்கே போதும் என்பது என் கருத்து. 600 முதல் 700 கிராம் வரை பிடிக்கும். எல்லா உருண்டையிலும் சாய எண் (ஒரே தடவையில் சாயமேற்றியதைக் காட்டும் எண்) ஒன்றாக இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். இவை தவிர முனை மழுங்கிய தையல் ஊசி, அளவு நாடா, இடத்தைக் குறிக்க ஸ்டிட்சில் மாட்டும் ஸ்டிட்ச் மார்க்கர் இருந்தால் போதும்.

நான் டபுள் குரோஷா என்று சொல்வது அமெரிக்க வழக்கில். ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிவிட்டுப் போடுவது. பிரிட்டிஷ் வழக்கில் இதற்கு டிரெபிள் என்று பெயர்.

பின்னும் முறை

சுற்று 1: மேஜிக் ரிங் (இழுத்தால் இறுகும் நூல் வளையம்) போட்டு 3 செயின் (இது ஒரு டபுள் குரோஷாவாகக் கணக்கு), வளையத்துக்குள் இன்னொரு டபுள் குரோஷா, 2 செயின். பிறகு ‘2 டபுள் குரோஷா, 2 செயின்’ என்பதை ஐந்து முறை. முதல் 3 செயினின் உச்சியில் ஸ்லிப் ஸ்டிட்ச் (நூலை நேரே இழுத்துவிடும் இணைப்பு ஸ்டிட்ச்) போட்டு இணையுங்கள். ஆறு பக்கம், பக்கத்துக்கு 2.

சுற்று 2: இணைத்த இடத்திலேயே 3 செயின், அடுத்த ஸ்டிட்சில் ஒரு டபுள் குரோஷா. மூலை இடைவெளி வந்ததும் அதற்குள் ‘2 டபுள் குரோஷா, 2 செயின், 2 டபுள் குரோஷா’. அடுத்த பக்கத்தின் ஒவ்வொரு ஸ்டிட்சிலும் ஒன்று, மூலையில் அதே கூட்டம். இப்படியே ஆறாவது மூலையையும் முடித்து இணையுங்கள். இப்போது பக்கத்துக்கு 6.

சுற்று 3 முதல்: இதையேதான் திரும்பத் திரும்பச் செய்கிறோம். கடைசி மூலை முடிந்ததும், ஆரம்ப 3 செயினுக்கு முன்னால் இன்னும் சில ஸ்டிட்ச் காத்திருக்கும். அவற்றிலும் ஒவ்வொன்று போட்ட பிறகே இணைக்க வேண்டும். அவசரத்தில் இவைதான் விட்டுப்போகும்.

சுற்று எண்ணை நான்கால் பெருக்கி 2 கழித்தால் ஒரு பக்கத்தில் இருக்க வேண்டிய ஸ்டிட்ச் வந்துவிடும். 5ஆம் சுற்றில் 18, 10ஆம் சுற்றில் 38, 20ஆம் சுற்றில் 78. மூலையில் புதிதாகப் போட்ட இரண்டில் முதல் ஸ்டிட்ச், செயின் இழுப்பில் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஒரு பக்கத்தில் ஒன்று குறைகிறது என்றால் முதலில் அங்கே விரலால் தள்ளிப் பாருங்கள்.

52 செ.மீ. பக்கத்துக்குச் சுமார் 20 சுற்று வரும். கை இறுக்கத்தைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். சுற்றை நம்பாமல் நாடாவை நம்புங்கள். ஒரு பக்கத்தை மட்டும் நேராக இழுக்காமல் கிடத்தி, மூலைக்கு மூலை அளந்தால் போதும். நூல் விஷயத்தில் ஒன்று: மொத்தச் சுற்றுகளில் பாதி முடிந்தபோது செலவானது கால்வாசி நூல்தான். மீதி முக்கால்வாசி இனிமேல்தான் போகும். முதல் அறுகோணம் முடிந்ததும் தராசில் வைத்து எடை பார்த்துவிடுங்கள். இரண்டாவதற்கு நூல் போதுமா என்பது அப்போதே தெரிந்துவிடும். இரண்டிலும் சுற்று எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கட்டும்.

மடிப்பு

அறுகோணத்தின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வையுங்கள். சுற்றுகளை இணைத்துக்கொண்டே வந்த தடம் ஒரு பக்கத்தின் நடுவில் கோடாகத் தெரியும். அந்தப் பக்கத்தைக் கை நுனியாக வைத்துக்கொண்டு அதன் நடுவில் மடியுங்கள். எதிர்ப்பக்கம் கீழ்விளிம்பு; அதையும் நடுவில் மடியுங்கள். கை நுனிக்கு இரு புறமும் உள்ள பக்கங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியட்டும். கீழ்விளிம்புக்கு இரு புறமும் உள்ளவையும் அப்படியே. அலையெல்லாம் அடங்கி ‘ட’ வந்துவிடும். மேஜிக் ரிங் போட்ட நடுப்புள்ளி இப்போது அக்குளில் இருக்கும். இணைப்புத் தடம் கையின் அடிமடிப்பை ஒட்டிப் போய்விடுவதால் போட்டுக்கொண்டால் கண்ணில் படாது.

இணைப்பு

இரண்டு ‘ட’வையும் கண்ணாடி பார்ப்பதுபோல் எதிரெதிரே கிடத்துங்கள். கைகள் வெளிப்புறம், உடம்பு உள்புறம். நடுவில் சந்திக்கும் பக்கங்களில் அடியடுக்கு இரண்டையும் மேலிருந்து கீழ்வரை தையுங்கள். அது நடுமுதுகு. மேலடுக்கு இரண்டும் முன்திறப்பு, அவற்றைத் தொடக்கூடாது.

பிறகு தோள். கை நுனியில் தொடங்கி, முன் அடுக்கையும் பின் அடுக்கையும் சேர்த்துக் கழுத்தை நோக்கிப் போங்கள். கழுத்துப் பக்கம் 8 செ.மீ. இருக்கும்போது நிறுத்திவிட வேண்டும். தைக்காமல் விட்ட முன்மூலை தானாக வெளியே மடிந்து காலர் மாதிரி நிற்கும். தைக்கும்போது ஸ்டிட்சின் வெளிக்கண்ணியை மட்டும் எடுத்தால் தையல் தடிக்காது. நூலைச் சுருங்க இழுக்காதீர்கள். தோள் தையல் இறுகினால் கை மேலே ஏறிக்கொள்ளும்.

விளிம்பு

கை நுனியில் 78 ஸ்டிட்ச் என்பது ரொம்ப அகலம். அங்கே சிங்கிள் குரோஷாவில் (ஊசியில் நூலைச் சுற்றாமல் போடும் குட்டை ஸ்டிட்ச்) இரண்டிரண்டாகச் சேர்த்து ஒரு சுற்று போட்டால் 39 ஆகிவிடும். அதன் மேல் நாலைந்து சுற்று சாதாரண சிங்கிள் குரோஷா. கை நீளமாக வேண்டுமென்றால், குறைப்பதற்கு முன்பே டபுள் குரோஷாவில் தேவையான சுற்றுகளைப் போட்டுவிடுங்கள். உடம்பு நீளத்துக்குக் கீழ்விளிம்பில் ஒரு முன்திறப்பிலிருந்து மறு முன்திறப்பு வரை போய்த் திரும்பி வரிசை சேர்க்கலாம். கடைசியில் முன்திறப்பையும் கழுத்தையும் சேர்த்து இரண்டு மூன்று வரிசை சிங்கிள் குரோஷா. கீழ்விளிம்பில் வரிசை சேர்த்திருந்தால் ஒவ்வொரு டபுள் குரோஷா வரிசையின் ஓரத்திலும் இரண்டு எடுங்கள். குறைவாக எடுத்தால் முன்பக்கம் சுருட்டிக்கொள்ளும்.

அக்ரிலிக் நூலின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைக்கவே வேண்டாம், இழை உருகித் தளர்ந்துவிடும். லேசாக நனைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, அளவுக்கு இழுத்து விரித்துக் காயவிடுங்கள். பிறகு துவைக்கும்போதும் கொடியில் தொங்கவிடாமல் விரித்தே காயவைப்பது நல்லது. நீர்க்கனத்தில் தோள் இறங்கிவிட்டால் பழைய அளவுக்குக் கொண்டுவருவது கடினம்.