சோடியம் அயன் பற்றரிக்கான மங்கனீசு ஒட்சைட்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் பற்றரியின் நேர்மின்வாயாகும் மங்கனீசு ஒட்சைட்டுக் கதோட்டுகளைத் தயாரிக்கத் தொடங்கும் மாணவர்கள், எங்கள் தலைமுறை விட்ட பிழைகளையே திரும்பவும் விடுகிறார்கள். தராசு, முகவை பற்றிய எளிய கவனக்குறைவுகளை விட்டுவிட்டு, மாதக்கணக்கான உழைப்பை வீணாக்குபவற்றை மட்டும் எழுதுகிறேன்.

உலையிலிருந்து எடுத்த தூளைத் திறந்த காற்றில் வைத்தல்

பெரும்பாலானோர் ஒரு மங்கனீசு அணுவுக்குச் சோடியம் 0.44 விகிதத்திலுள்ள, சுரங்க அமைப்புடைய ஒட்சைட்டிலேயே கைபழகுகிறார்கள். நீர்க்கரைசல் மின்கலங்களில்கூடப் பயன்படுமளவுக்கு அது ஈரத்தைத் தாங்கும். அந்தப் பழக்கத்தோடு சோடியம் 0.67 விகிதத்திலுள்ள பி2 வகை அடுக்கு ஒட்சைட்டுக்கு (மங்கனீசு ஒட்சைட்டு அடுக்குகளுக்கு இடையே சோடியம் அமர்ந்துள்ள வகைக்கு) வந்து, அதையும் மேசையிலேயே ஆறவிடுகிறார்கள். இங்கே அடுக்குகளிலிருந்து வெளியேறும் சோடியம், காற்றிலுள்ள நீராவியோடும் காபனீரொட்சைட்டோடும் தாக்கமுற்று மேற்பரப்பில் காபனேற்றாகப் படிகிறது. காலியான இடத்தில் புரோத்தன் (ஐதரசன் அயன்) புகுகிறது. நீர் மூலக்கூறுகள் நுழைந்து, ஏறத்தாழ 5.6 அங்ஸ்ட்ரொமாக இருந்த அடுக்கு இடைவெளியை 7க்கு மேல் விரித்துவிடுகின்றன.

வாடைக்காற்று வீசிய ஒரு மாரியில், மாணவி ஒருவர் மிக நன்றாக வந்த தூளை மூடி தளர்ந்த குப்பியில் வைத்துவிட்டு வார இறுதிக்கு ஊருக்குப் போனார். திரும்பிவந்து, தூளை உலோகத் தகட்டில் ஒட்டவைக்கும் பி.வி.டி.எஃப் என்னும் பல்பகுதியப் பிணைப்பானோடு கலந்தபோது கூழ் பழுப்பேறி இறுகியது. அவர் பிணைப்பானைச் சந்தேகித்துப் புதியதைத் தருவித்தார். காரணமோ தூளில் உருவான காரம். "வெற்றிட அடுப்பில் உலர்த்தினால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. உலர்த்தல் நீரை அகற்றும். காபனேற்றை அகற்றாது, இழந்த சோடியத்தை அடுக்குக்குள் மீட்டும் தராது.

உலை ஏறத்தாழ 200 பாகை செல்சியசுக்கு இறங்கியதும் தூளைச் சூடாகவே எடுத்து ஆகன் நிரம்பிய கையுறைப் பெட்டிக்குள் கொண்டுசெல்லுங்கள். செப்புக் கதிரால் பெறும் எக்ஸ்-கதிர்ப் பதிவில் 12.5 பாகை அருகே சிறு உச்சி தெரிந்தால், அது நீர் புகுந்து விரிந்த அடுக்கின் அடையாளம்; அந்தத் தூளில் மின்கலம் செய்ய வேண்டாம். உச்சி தெரியாததும் முழுச் சான்றல்ல; மெல்லிய காபனேற்றுப் படலம் அந்தப் பதிவில் அகப்படாமல் போகலாம்.

சோடியம் உலோகத்துக்கு எதிரே கிடைத்த கொள்ளளவை நம்புதல்

சோடியம் உலோகத்தை எதிர்மின்வாயாக வைக்கும் சோதனைக் கலத்தில் 0.67 ஒட்சைட்டு, தன்னிடம் குறைவாக உள்ள சோடியத்தை மின்னிறக்கத்தின்போது எதிரேயுள்ள உலோகத்திலிருந்து பெற்றுக்கொள்கிறது. முழு மின்கலத்தில் உலோகத்துக்குப் பதிலாக வரும் வன்காபன் அனோட்டில் (எதிர்மின்வாயில்) அந்தக் கையிருப்பு இல்லை. ஆகவே அங்கே அதே கொள்ளளவு கிடைக்காது.

உலையில் ஆவியாகும் சோடியத்தைக் கணக்கிடாமை

மூலப்பொருளான சோடியம் காபனேற்றை நூற்றுக்கு 3 முதல் 5 வரை மிகையாகச் சேருங்கள். கூடினால் மிச்சம் காரமாகத் தங்கும்.

2 வோல்ட்டுக்குக் கீழே மின்னிறக்குதல்

வேண்டாம். மங்கனீசின் +3 நிலை பெருகி, யான்-டெல்லர் திரிபு (மங்கனீசைச் சூழ்ந்த ஒட்சிசன் பிணைப்புகள் சமச்சீர் இழந்து நீளுதல்) படிகத்தைச் சிதைக்கும்.