பிரசவமான பெண்ணிடம் பேசப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரங்கூனில் பிரசவமான பெண்களைச் சந்தித்து, ஆஸ்பத்திரியில் எப்படி நடத்தினார்கள் என்று கேட்டு எழுதும் வேலைக்குப் புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். எங்கள் செட் ஆரம்பத்தில் இடறிய அதே இடங்களில் இவர்களும் இடறுகிறார்கள். தேதி விடுபடுவது, கட்டம் மாறி டிக் அடிப்பதெல்லாம் தானே சரியாகிவிடும். மற்றவை அப்படியில்லை.

கட்டிலோரத்தில் நின்று "திருப்தியா?" என்று கேட்பது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். தாய் இன்னும் வார்டில் படுத்திருக்கிறாள். நாலடி தள்ளி, பிரசவம் பார்த்த சயாமா (நர்ஸம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) மருந்து ட்ரேயோடு நிற்கிறார். நம் பிள்ளை போய், "கவனிப்பு திருப்தியாம்மா?" என்கிறாள். தையலைப் பார்க்கப் போவதும் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவரப் போவதும் அதே சயாமா. "ரொம்ப நல்லா பார்த்துக்கிட்டாங்க" என்பதைத் தவிர அவள் வேறென்ன சொல்வாள்? ஐந்துக்கு ஐந்து.

அப்படி ஐந்து மார்க் போட்ட ஒருத்தியைச் சில வாரம் கழித்து தாம்வே பக்கம் அவள் வீட்டில் பார்த்தேன். குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "தலை வெளிய வர்ற நேரம், தொடையில ஓங்கி ஒரு அடி அக்கா. கத்தினா உன் பிள்ளைதான் சாகும்னாங்க. பக்கத்துக் கட்டில்ல எல்லாரும் பார்த்தாங்க." சரி, கவனிப்பு எப்படி என்று கேட்டேன். "திருப்திதான். பிள்ளை நல்லா இருக்கே."

அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளை உயிரோடு கைக்கு வந்தால் போதும், கத்தினால் அடி விழத்தான் செய்யும் என்று கேட்டு வளர்ந்தவள். திருப்தி மார்க்கை மட்டும் வாங்கி வந்தால் அந்த அடி எந்தக் காகிதத்திலும் ஏறாது. அப்புறம் அடி வாங்கியவளின் மார்க்கையே காட்டி, இங்கே குறையே இல்லை என்று ஃபைலை மூடிவிடுகிறார்கள்.

கானா, கினி, நைஜீரியாவோடு பர்மாவிலும் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2019-இல் 'லான்செட்' இதழில் வந்தது. பிரசவத்தின்போது கூடவே இருந்து கவனித்தது அந்த மூன்று ஆப்பிரிக்க நாடுகளில் மட்டும்; பர்மாவில் பிறகு பேசிக் கேட்டதுதான். அப்படிக் கவனித்த 2,016 பெண்களில் 838 பேர் அடி, ஏச்சு, பாகுபாடு என ஏதோ ஒன்றுக்கு ஆளாகியிருந்தார்கள். அடியும் ஏச்சும் உச்சத்தில் இருந்தது பிள்ளை பிறப்பதற்கு அரை மணி முன்பிருந்து பிறந்து கால் மணி வரை. அந்த முக்கால் மணி நேரத்தைத் தனியாகக் கேளுங்கள். கத்தியபோது என்ன சொன்னார்கள்? யார் கை வைத்தார்கள்? திரையை இழுத்து மூடினார்களா? அந்த ஆய்விலும் தாய்மார்களிடம் பேசியது வீடு திரும்பிய பிறகு, எட்டு வாரத்துக்குள். நீங்களும் வீட்டுக்குப் போங்கள். திருப்தியைக் கடைசியில் கேளுங்கள்.

அடித்தால் மட்டும்தான் கொடுமை என்று நினைப்பது

அதே ஆய்வில் கவனித்த 4,393 உள்பரிசோதனைகளில் 2,611-க்குப் பெண்ணிடம் சம்மதம் கேட்கவில்லை. கீழே வெட்டித் தையல் போட்ட 253 பேரில் 190 பேரிடமும் கேட்கவில்லை. "அது டாக்டர் வேலை, என்கிட்ட ஏன் கேட்கணும்?" என்று பெண்களே சொல்வார்கள். அதையும் அப்படியே எழுதுங்கள்.

மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்பது

வேண்டாம். இன்னொரு நாள் போங்கள்.

பர்மிய மொழி சரளமாக வராத தாய்க்கு வார்டு ஆளையே மொழிபெயர்க்கச் சொல்வது

கூடவே கூடாது.

பேசாத சின்னப் பெண்களைத் தாண்டிப் போவது

பதினெட்டு வயசுப் பெண் ஒரே வார்த்தையில் பதில் சொல்கிறாள் என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அதிகம் அவதிப்படுவது இளம் வயது, படிப்பில்லாத பெண்கள்தான். உட்காருங்கள். குழந்தையைப் பற்றிப் பேசுங்கள். டீ கொடுத்தால் குடியுங்கள்.

"புகார் கொடு" என்று கிளப்பிவிடுவது

தடுப்பூசிக்கும் அடுத்த பிரசவத்துக்கும் அவள் அதே வாசலுக்குத்தான் போக வேண்டும். யாரிடம் சொல்லலாம், சொன்னால் பெயர் வெளியே வருமா என்பதைச் சொல்லிவிட்டு முடிவை அவளிடம் விடுங்கள். படிவத்தில் கட்டில் எண்ணை எழுதாதீர்கள். பிரசவத் தேதியோடு அது சேர்ந்தால் சொன்னது யாரென்று வார்டில் உடனே தெரிந்துவிடும்.