மாடல் வண்டிகளுக்கு வீட்டிலேயே டீகால் செய்வது எப்படி?

மாடல் கிட்டோடு வரும் டீகாலில், அதாவது வண்டிமேல் ஒட்டும் எழுத்து, படங்கள் கொண்ட மெல்லிய படலத்தில், நம்மூர் நம்பர் பிளேட் இருக்காது. தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் வாட்டர்ஸ்லைடு டீகால் பேப்பர் வாங்கினால் நாமே அச்சடித்துக்கொள்ளலாம். இங்க்ஜெட்டுக்கு ஒன்று, லேசருக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். பார்த்து வாங்குங்கள். நான் இங்கே சொல்வது இங்க்ஜெட் முறை.

வரைவதற்கு இங்க்ஸ்கேப் என்ற கணினி மென்பொருள்தான் என் தேர்வு. இலவசம், மில்லிமீட்டர் கணக்கிலேயே வரையலாம், எவ்வளவு பொடி எழுத்தும் பிசிறாது. நிஜ கார் பிளேட் 500 x 120 மி.மீ. 1/24 மாடலுக்கு அதை 24-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 20.8 x 5 மி.மீ. வரும். பிரிண்ட் கொடுக்கும்போது ஸ்கேல் 100% இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் சாதாத் தாளில் அடித்து வண்டிமேல் வைத்துப் பார்ப்பது நல்லது.

வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. டாக்ஸி பிளேட் என்றால் கவலையில்லை: மஞ்சளைப் பெயின்டாக அடித்துவிட்டு, கறுப்பு எழுத்தை மட்டும் கிளியர் (நிறமற்ற, ஊடுருவித் தெரியும்) டீகால் பேப்பரில் எடுக்கலாம். கரும்பச்சை பாடிமேல் மஞ்சள் எழுத்து வேண்டுமென்றால் வெள்ளை டீகால் பேப்பர்தான் வழி. கிளியரில் அடித்தால் எழுத்தே தெரியாது.

இனி முக்கியமான கட்டம். இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும். அதனால் அச்சடித்ததை ஒரு ராத்திரி காயவிட்டு, கிளியர் அக்ரிலிக் ஸ்ப்ரே அடிக்க வேண்டும். ஓர் அடி தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல், பனி படிந்த மாதிரி லேசாக. முதல் கோட் சொதசொதவென்று விழுந்தால் மை கசிந்து கறுப்பு எழுத்தின் ஓரம் ஊதாவாகிவிடும். ஒவ்வொரு கோட்டும் காய்ந்த பிறகே அடுத்தது. மூன்று கோட் போதும். மழை நாளில் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் கோட் பால் போல வெளுத்துவிடும்.

ஒட்டும் இடம் பளபளப்பாக இருக்க வேண்டும். மேட் பெயின்ட் என்றால் முதலில் பளபளப்பு தரும் ஒரு கிளாஸ் (gloss) கோட் அடியுங்கள். இல்லாவிட்டால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுக்கும். வெட்டிய டீகாலை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் முக்கி, வெளியே எடுத்து வையுங்கள். விரலால் தொட்டால் படலம் நகரும். அப்போது தூரிகையால் வண்டிமேல் தள்ளி, டிஷ்யூவால் தண்ணீரை ஒற்றி எடுங்கள்.

பின்சேர்க்கை: டீகாலை இளக்கிப் படிய வைக்கும் மைக்ரோ சால் திரவம் போடலாமா என்று கேட்டிருந்தார்கள். போடலாம், ஆனால் மிச்சத் துண்டு ஒன்றில் முதலில் சோதியுங்கள்; சில ஸ்ப்ரே கோட்டை அது கரைத்துவிடும். வெள்ளை பேப்பரில் வெட்டிய ஓரம் கோடாகத் தெரிந்தால், காய்ந்ததும் பாடி பெயின்டையே மெல்லிய தூரிகையால் ஓரத்தில் தொட்டுவிடுங்கள். அப்புறம் மொத்தமாக ஒரு கிளியர் கோட்.